ஏன் என்று கேட்காதவர்

காலை ஆறு நாற்பது. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு சிவப்பு ஹெல்மெட். தெருவின் எதிர்ப்பக்கம், மின்கம்பத்தை ஒட்டி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். காட்டன் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. அவருக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருந்தது.

ஆரணியில் நெசவாளர் தெருக்களில் இது பழகிய காட்சி. புடவையின் நீளவாட்டு இழைகள் அத்தனையையும் தெருவில் இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அதுவரை குறுக்கே யாரும் போகக் கூடாது. அவசரமென்றால் பக்கத்துத் தெருவைச் சுற்றித்தான் வர வேண்டும்.

“சுத்தி வந்துடுங்க மேடம், கிட்டதான்” என்றேன்.

“பரவால்ல சார். இங்கேர்ந்தே நல்லா தெரியுது.”

என்ன தெரிகிறது என்று சொல்லவில்லை. கதவை மூடுவதா, திறந்து வைப்பதா என்று தெரியாமல் நின்றேன். உள்ளே என் மனைவி மல்லிகாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. ஏன்டி போன, ஏன்டி சொல்லல, ஏன்டி எங்களை இப்படிச் சாகடிக்கிற. பாவைச் சுருட்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அந்தப் பெண்மணி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு தெருவைக் கடந்து வந்தார், ஷூவைக் கழற்றினார், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மல்லிகாவைப் பார்த்து, வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்.

“காலையிலேர்ந்து எத்தனை தடவை ‘ஏன்’ கேட்டீங்கம்மா?”

“அதை யாரு எண்ணிகினு இருந்தாங்க?”

“நான்தான். ஒரு தடவைக்காவது பதில் வந்துச்சா?”

வரவில்லை. அது எங்களுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரிந்ததை எங்களிடமே சொல்ல ஒருவர் ஸ்கூட்டி போட்டுக்கொண்டு வர வேண்டுமா என்றுதான் எரிச்சல் வந்தது. அவரைப் பற்றிய என் நினைவுகளில் பெரும்பாலானவை அந்த எரிச்சலிலிருந்துதான் தொடங்குகின்றன.

எங்கள் வீட்டில் அப்போது பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். தத்து எடுத்தவள் அல்ல. பெற்றோரால் வளர்க்க முடியாமல் போன பிள்ளைகளை இல்லத்தில் விடாமல் ஒரு குடும்பத்தோடு சேர்த்து வைக்க அரசு ஏற்பாடு ஒன்று இருக்கிறது. மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழு விசாரித்து ஒப்படைக்கும். பதினெட்டு வயது வரை வளர்க்கலாம். வளர்க்கிறவர்களுக்கு வளர்ப்புப் பெற்றோர் என்று பெயர். நான் ஒரு நாளிதழின் வேலூர்ப் பதிப்பில் செய்தி திருத்துகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்தேன். மல்லிகா தறிக்காரக் குடும்பத்துப் பெண். தறியில் முடிந்துபோன பாவின் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற பிணைப்பு வேலை அவளுடையது. நாங்கள் இருந்தது அவள் பிறந்த வீடு. முன்கூடத்தில் அவள் தம்பி சங்கரின் தறி, பின்கட்டில் நாங்கள். பிள்ளை இல்லை. இந்தப் பெண் வந்தாள். சிறார் பெயரை அச்சில் போடுவதில்லை என்பது செய்தி மேசையின் வழக்கம். இங்கேயும் போடவில்லை.

அவள் பஸ்ஸில் போவாள். அதுதான் எங்கள் பிரச்சினை. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் நிலையத்துக்குப் போய், முதலில் கிளம்புகிற டவுன் பஸ்ஸில் ஏறிவிடுவாள். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கையில் காசில்லாத பெண் எவ்வளவு தூரம் போய்விடுவாள் என்று நாங்கள் மனதில் வைத்திருந்த தைரியம் அதோடு போயிற்று. தேவிகாபுரம் போவாள், அங்கிருந்து சேத்துப்பட்டு, அங்கிருந்து பெயர் தெரியாத ஏதோ ஊர். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, யாருடனாவது பேசிக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறுவாள். அந்த ‘யாருடனாவது’தான் எங்களைப் பயமுறுத்தியது. ஒருமுறை அவளைவிட ஐந்தாறு வயது மூத்த ஒருவன் பைக்கில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனான். யார் என்று கேட்டால் அவளுக்கே பெயர் தெரியவில்லை.

இந்த வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறுகிற வளர்ப்புப் பெற்றோருக்கு உதவ ஒரு தொண்டு நிறுவனம் ஆள் அனுப்பியது. வந்தவர்தான் அந்த மேடம். பெண் அவரை ‘ஹெல்மெட் ஆன்ட்டி’ என்பாள். சங்கர் சொல்வதை எழுத முடியாது.

மேடத்திடம் இருந்தது ஒரே சட்டம். பிள்ளையிடம் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது. எங்கே போனே, யாரோட இருந்தே, எப்படித் திரும்பி வந்தே. இவற்றைக் கேட்கலாம். கடைசிக் கேள்வி மேல் அவருக்குத் தனிப் பிரியம். போனதைவிட வந்ததைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்க வேண்டும் என்பார்.

நான் பணிக்காலம் முழுக்க ‘ஏன்’ இல்லாத செய்தியை நிருபரிடமே திருப்பி அனுப்பியவன். விடுவேனா?

“‘ஏன்’ இல்லாம ஒரு விஷயம் எப்படி மேடம் முழுசாகும்?”

“பேப்பர்ல போடறதுக்கா கேக்கறீங்க?”

“புரிஞ்சிக்கணும் இல்ல?”

“நீங்க புரிஞ்சிக்கறதுக்காக அவ வரல சார். இருக்கறதுக்கு வந்திருக்கா. ஏன்னு கேட்டா அவளுக்கே பதில் தெரியாது. தெரியாததுக்குப் பொய் சொல்லுவா. எங்கன்னு கேளுங்க, ஊர் பேரு வரும்.”

சொல்லிவிட்டு “அடுத்தது?” என்றார். ஒரு விஷயம் முடிந்தது என்று அவரே தீர்மானித்துவிட்டால் இந்தச் சொல் வந்துவிடும். எதிரே இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருந்தாலும் வரும்.

பயிற்சி என்று ஒன்று நடத்தினார். அவர்தான் பெண்ணாம். வெளியே போய்விட்டு ஆறு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறாராம். மல்லிகா பேச வேண்டும். ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வாசற்படியை ஒரு உதை உதைத்து உள்ளே வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஐம்பது வயதுக்காரர் அப்படியே பதினைந்து ஆகிவிட்டார், நான் கண்ணால் பார்த்தேன். பெண் மூலையில் உட்கார்ந்து துப்பட்டாவை வாயில் வைத்துச் சிரித்தாள்.

“வந்துட்டியாம்மா” என்று மல்லிகா நன்றாகத்தான் தொடங்கினாள். “எங்க போன?”

“எங்கியோ.”

“எங்கியோன்னா?”

“சும்மா நொய் நொய்ன்னாதீங்க, தலை வலிக்குது.”

“ஏன்டி, நான் நாள் பூரா வாசல்ல நின்னுகினு…”

மேடம் கையைத் தூக்கினார், கிரிக்கெட்டில் அம்பயர் தூக்குவது போல. “அவுட். மறுபடி.”

மறுபடி. மறுபடியும் அவுட். நான்காவது முறை மல்லிகாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தறியிலிருந்து சங்கர் குரல் கொடுத்தான். “அக்கா, நீ நாடகத்துக்கு டிக்கெட் போடு, தெருவே வரும்.” மேடம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. “அம்மா, அழறது தப்பில்ல. அழுதுகினே ‘எங்க’ன்னு கேளுங்க” என்றார். அன்று மதியம் மல்லிகா சோறு வடிக்கவில்லை. கோபமா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது, எந்தச் சொல்லில் கேட்பது என்று.

சங்கருக்கும் அவருக்கும் ஆகாமல் போனதற்கு ஒரு ஆணி காரணம். பெண்ணின் பள்ளிப் பையில் மல்லிகா ஒரு சிகரெட்டைக் கண்டுபிடித்தாள். மேடத்துக்குப் போன் போனது. வந்தார். பெண்ணை விட்டுவிட்டு எங்களைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

“இந்த வீட்ல யாரு பிடிக்கிறது?”

சங்கர் தறியை நிறுத்தினான். “நான்தான். அதுக்கு இன்னா இப்போ?”

“பாக்கெட்டை எங்க வெப்பீங்க?”

“சட்டையில.”

“சட்டையை?”

“ஆணியில மாட்டுவேன்.”

“ஆணி எங்க இருக்குது?”

சங்கர் திரும்பிப் பார்த்தான். பெண் படுக்கிற அறையின் வாசலிலேயே இருந்தது, அவள் தோள் உயரத்தில். அவன் அப்பா காலத்து ஆணி.

“ஆணியை மாத்துங்க” என்றார் மேடம். “அடுத்தது?”

“இன்னா மேடம், திருடினது அவ, ஆணியை நான் புடுங்கணுமா?”

“நீங்க புடுங்கினா ஜல்தியா முடியும். அவளைத் திருத்தறதுக்கு நாளாகும்.”

ஆணி இடம் மாறியது. அது எங்கள் எல்லோருக்கும் அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு பெண்ணின் பையில் சிகரெட் இருந்ததா என்பதை நான் சோதிக்கவில்லை, சோதிக்கவும் அவர் விடவில்லை.

பூட்டு விஷயமும் இப்படித்தான். சனிக்கிழமைகளில் பின்கதவுக்கு மல்லிகா பூட்டுப் போட ஆரம்பித்திருந்தாள். மேடம் பூட்டைச் சாவியோடு வாங்கி ஸ்கூட்டி டிக்கியில் போட்டுக்கொண்டார். “தீ பிடிச்சா இன்னா பண்ணுவீங்க?” என்பதுதான் காரணம். நாங்கள் வேறொரு பூட்டு வாங்கினோம். அடுத்த முறை வந்தபோது அதையும் எடுத்துக்கொண்டார். இரண்டையும் திருப்பித் தரவேயில்லை.

அவரிடம் பிடிக்காதவற்றைப் பட்டியல் போட்டால் நீளும். சொல்லாமல் வருவார். டீ குடிக்க மாட்டார், வெந்நீர் கேட்பார், அதை ஆறவிட்டுக் குடிக்காமல் போவார். நாம் பதறிப்போய்க் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். பிறகு அவரே கூப்பிட்டு, “வேற வீட்ல இருந்தேன் சார், அங்க ஒருத்தன் மாடி மேல ஏறி நின்னுகினு இருந்தான்” என்பார், பால் வாங்கப் போயிருந்தேன் என்பது போல. மல்லிகா ஒருமுறை, “உங்களுக்குப் பசங்க எத்தனை மேடம்?” என்று கேட்டாள். “இருக்காங்க” என்றார். எத்தனை பேர், எங்கே என்பது வரவில்லை. நான் அவரை மடக்குகிற நினைப்பில், “நீங்க ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க?” என்றேன். கை மேலே போயிற்று. அவுட்.

ஆனால் அவர் வந்து போகத் தொடங்கிய பிறகு ஒன்று நடந்ததை மறைக்க முடியாது. பெண் ஊர்ப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், கண்டக்டர் யாரைத் திட்டினார், தேவிகாபுரத்தில் கோயில் மதில் ஓரம் யார் இளநீர் விற்கிறார்கள் என்று மல்லிகாவுக்குப் பிணைப்பு வேலையின்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள். பைக்கில் கொண்டுவந்து விட்டவன் எங்கே நிற்பான் என்பதையும் அப்படித்தான் சொன்னாள். அவனை மேடம் போய்ப் பார்த்தார். என்ன பேசினார் என்று தெரியாது, அவன் அந்தப் பக்கம் நிற்பதை விட்டுவிட்டான்.

பிறகு ஒரு ஏற்பாடு வந்தது. பஸ்ஸில் போகாதே என்று சொல்வதை நிறுத்த வேண்டும். சனிக்கிழமை மதியம் மட்டும் போகலாம், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும், ஏறுகிற ஒவ்வொரு பஸ்ஸின் ஊர்ப் பலகையையும் படம் எடுத்து மல்லிகாவுக்கு அனுப்ப வேண்டும்.

“வயசுப் பொண்ணை ஊர் சுத்த வுடறதுக்கு சர்க்கார் ஆள் வெச்சிருக்குதா?” என்றான் சங்கர்.

“அவ ஏற்கனவே சுத்திகினுதான் இருக்கா. இப்போ நமக்குத் தெரிஞ்சு சுத்துவா” என்றார் மேடம்.

பல சனிக்கிழமைகள் படங்கள் ஒழுங்காக வந்தன. மல்லிகா அவற்றை அழிக்காமல் வைத்திருந்தாள். பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது.

முதல் பஸ்ஸின் படம் வந்தது, தேவிகாபுரம். அதன் பிறகு ஒன்றுமில்லை. போன் அணைந்திருந்தது. விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. மல்லிகா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாள். நான் மேடத்தைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சங்கர் அதற்குள் தன் அறிவுக்கு எட்டியதைச் செய்துவிட்டிருந்தான்.

எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ‘நாளைக்குக் காலையில பாவு, வண்டியை எடுத்துடுங்க’ என்று சொல்வதற்காகவே தொடங்கியது. பாவு விரிக்கிற ஒவ்வொரு வீடும், வண்டி வைத்திருக்கிற ஒவ்வொரு ஆளும் அதில் இருக்கிறார்கள். ஒரு தகவல் போட்டால் கண நேரத்தில் தெருவே நகர்ந்துவிடும். அந்த வேகத்தை நம்பி அதில் பெண்ணின் படத்தைப் போட்டான். பொங்கலுக்குப் பட்டுப் பாவாடை கட்டி எடுத்தது. கீழே எழுதியிருந்தது: ‘காணவில்லை. எங்க அக்கா வீட்டு வளர்ப்புப் பெண். அடிக்கடி ஓடிவிடும். பார்த்தால் பிடித்து வைக்கவும்.’ என் போன் எண்ணும் இருந்தது.

தெரு நகர்ந்தது. தெருவோடு நிற்கவில்லை. அரிசி ஆலை லாரிக்காரர்களின் குழு, ஷேர் ஆட்டோக்காரர்களின் குழு, எங்கெங்கோ போனது. போளூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு நான் எந்தச் சாதி என்று விசாரித்தார். பிறகு சேத்துப்பட்டு பஸ் நிலையத்திலிருந்து ஒரு குரல்: “சார், உங்க பொண்ணு இங்கதான் இருந்துச்சு. நாலு பேரு சேர்ந்து கையைப் புடிச்சோம். வீடியோகூட எடுத்தோம். கடிச்சிட்டு ஓடிடுச்சு சார்.” அவர் குரலில் பாராட்டை எதிர்பார்ப்பது தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் மேடம் வந்தார். படமும் வீடியோவும் சுற்றிச் சுற்றி அவர் போனுக்கும் வந்திருந்தன. வழியிலேயே போலீசுக்கும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். சேத்துப்பட்டில் தேட ஆள் போயாயிற்று. சங்கரின் போனை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அழிங்க.”

அழித்தான்.

“வாங்க, ஒவ்வொரு வீடா போலாம். எல்லா போன்லயும் அழிக்கணும்.”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “பொண்ணு எங்க இருக்கான்னு தெரியல. நீங்க போட்டோவை அழிச்சிகினு இருக்கீங்களே மேடம்!”

“அவ திரும்பி வரப் போற தெரு இது சார். அவ வர்றதுக்குள்ள தெரு காலியாகணும்.”

சங்கரை முன்னால் விட்டு, ஹெல்மெட்டோடு பின்னால் நடந்தார். கதவு கதவாகத் தட்டினார். ‘நல்லதுக்குத்தான் அனுப்பினோம்’ என்றவர்களிடம் வாதாடவில்லை. போனைக் கையில் கொடுக்கும்வரை வாசலில் நின்றார். ஒருவர் கதவைச் சாத்தினார். திறக்கும்வரை நின்றார். எங்களுக்குக் கார் பிடித்துச் சேத்துப்பட்டு கிளம்பவும் தோன்றவில்லை, வீட்டில் உட்காரவும் முடியவில்லை. அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கிருந்தது வெறுப்புதான்.

மல்லிகாவின் போனில் தெரியாத எண் ஒன்று வந்தது. பெண்தான். சேத்துப்பட்டில் சர்ச் வாட்ச்மேனின் போன். மேடம் அப்போதுதான் தெருவை முடித்துக்கொண்டு படியேறியிருந்தார். மல்லிகாவின் எதிரே வந்து நின்றார். கையைத் தூக்கவில்லை.

“எங்க இருக்க?” என்றாள் மல்லிகா.

நாங்கள் இந்தப் பக்கத்தை மட்டும்தான் கேட்டோம்.

“யாரு கூட? … ம். … அவரு போன்லயே இரு. சாப்ட்டியா? … அங்கேயே உக்காரு, நாங்க வண்டி எடுத்துகினு வரோம்.” போனை வைத்தாள். “பஸ் வழியில நின்னுடுச்சாம். போன்ல சார்ஜ் இல்லையாம்” என்றாள்.

மேடம் சங்கரை வண்டியில் ஏறவிடவில்லை.

பெண்ணுக்கு உடம்பில் காயம் எதுவும் இல்லை. மணிக்கட்டில் விரல் தடம் சிவந்திருந்தது. தெருவில் இறங்கி வீட்டுக்கு நடந்தபோது எதிர் வீட்டு அம்மாள், “வந்துட்டியா? எல்லாரையும் பேஜார் பண்ணிட்டியேடி” என்றார். போன்களில் படம் இல்லை. ஆனால் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் திரும்பி வந்தாள். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அங்கே எல்லோரிடமும் அவள் என்னைத் தன் பெரியப்பா என்று சொல்லி வைத்திருந்தாள். அப்பா துபாயில் என்றும், பெரியப்பா வீட்டில் தங்கிப் படிப்பதாகவும். படம் அழிந்துவிட்டது. ‘வளர்ப்புப் பெண்’ என்ற வரியை எல்லோரும் படித்துவிட்டிருந்தார்கள்.

பிள்ளை காணாமல் போனால் குழந்தைகள் நலக் குழு மறுபடி விசாரிக்கும். பெண் எங்களிடம் இருக்கலாமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அதற்கு மேடத்தின் அறிக்கை வேண்டும். எழுதியதை எங்களிடம் படித்துக் காட்டினார். எப்போது, எங்கே, யார் படத்தைப் போட்டது, என்ன வாசகம், எத்தனை பேர் கையைப் பிடித்தார்கள். என் மேசைக்கு வந்திருந்தால் ஒரு திருத்தம் இல்லாமல் அச்சுக்குப் போகிற அளவுக்குச் சுத்தமாக இருந்தது. எங்களைக் காலி பண்ணுகிற அளவுக்கும்.

“மேடம், அவன் பயந்து போய்ப் போட்டான்” என்றேன். “பாசத்துல பண்ணினது. அவன் ஏன் அப்படிப் பண்ணினான்னு ஒரு வரி எழுதினா போதும்.”

“எழுத மாட்டேன் சார்.”

“ஏன்?”

கேட்டுவிட்டுத்தான் உணர்ந்தேன். அவர் கையைத் தூக்கவில்லை.

“அவ ஏன் பஸ் ஏறினான்னு நான் எழுதல. உங்க மச்சினர் ஏன் போட்டாருன்னும் எழுதல. ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணு என்னால முடியாது.”

மல்லிகா எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று மேடம் “அடுத்தது?” என்று சொல்லவில்லை. ஆறிப்போன வெந்நீரைக் குடித்துவிட்டுப் போனார். அவர் எங்கள் வீட்டில் எதையாவது குடித்தது அன்றுதான்.

குழுவின் முன் எங்களைக் கேட்டார்கள், பெண்ணைத் தனியாகக் கேட்டார்கள். அவள் சொன்னதை அவர்களே எங்களிடம் சொன்னார்கள். ஆன்ட்டி மேலும் அங்கிள் மேலும் அவளுக்குப் புகார் எதுவும் இல்லை. ‘அந்தத் தெருவுக்குப் போக மாட்டேன்.’ அவளைத் தற்காலிகமாக இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க அனுமதி. மல்லிகா மேடத்தோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நானும்தான். வாசலில் ஸ்கூட்டி சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவோம்.

இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் நன்றாகத்தான் பேசினாள். அங்கே டிவி பெரியது என்பாள். கிளம்பும்போது மல்லிகாவின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு விடமாட்டாள். ‘வரியாடி?’ என்றால் தலையாட்டி மறுப்பாள். தெருதான் தடை.

மூன்றாவது ஞாயிறு திரும்பி வருகிற பஸ்ஸில் மல்லிகா, “அப்போ தெருவை மாத்திடலாம்” என்றாள்.

அதை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாது. அவள் பிறந்ததும், கட்டிக்கொண்டதும் அந்தத் தெரு. அவள் வேலையும் அங்கேதான், பிணைப்புக்கு ஆள் தேடுகிறவர்கள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும். “அக்கா, ஒரு போட்டோவுக்காக வீட்டை வுட்டுப் போவியா?” என்று சங்கர் கெஞ்சினான். “ஒரு போட்டோ இல்லடா” என்றாள். வீடு தேடியபோது அவனும் கூடவே வந்தான். பீரோவைத் தோளில் சுமந்தவனும் அவன்தான்.

ஊரின் மறுபக்கம், தறிச் சத்தம் இல்லாத தெருவில் ஒரு மாடி வீடு கிடைத்தது. குழுவுக்கு எழுதினோம். வீட்டைப் பார்த்து அறிக்கை தர வேறு யாருமில்லை, மேடம்தான் வந்தார். நாங்கள் கதவைத் திறந்தபோது சாலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். குறுக்கே பாவு எதுவும் இல்லை. இருந்தும் நெடுநேரம் அங்கேயே நின்றார்.

உள்ளே வந்து, மல்லிகா பிறந்த வீட்டை விட்டு வந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளோ தூரம்?” என்றார்.

“நடக்கற தூரம்தான்” என்றேன், குரலைக் கட்டுப்படுத்திக்கொண்டு.

“நல்லது” என்றார். மாடி அறைக்கு ஏறிப்போய் சன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்தார். ஒன்று இறுகியிருந்தது. “எண்ணெய் போடுங்க.” இறங்கினார், ஷூவை மாட்டினார், போனார். மல்லிகா பின்னாலேயே வாசல்வரை போனாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஸ்கூட்டி கிளம்பிவிட்டது.

நிறுவனத்தின் திட்டம் எங்கள் மாவட்டத்தில் அந்த மாதத்தோடு முடிந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அவரை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள் என்றார்கள், வேலையை விட்டுவிட்டார் என்றும் சொன்னார்கள். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

குழுவின் உத்தரவு மே கடைசியில் வந்தது. பள்ளி திறக்கிற வாரத்தில் பெண் ஒரு பையோடு வந்து சேர்ந்தாள். மாடி அறையை எடுத்துக்கொண்டாள். மல்லிகா தினமும் காலையில் பிணைப்பு வேலைக்குப் பழைய தெருவுக்கு நடந்து போய்விட்டு மாலையில் வருகிறாள்.